குளிருக்குக் கரி அடுப்பு கேட்டார்கள்!

"மலை மேல வீடு, சுத்தியும் தேயிலைத் தோட்டம், கதவைத் திறந்தா பனி... அக்கா, நீங்க குடுத்து வெச்சவங்க!" என்று ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அதோடு ஒரு கேள்வியும். கொடைக்கானல் பக்கத்துக் கிராமத்தில் அவர்களுக்குப் பூர்வீக வீடு ஒன்று இருக்கிறதாம். இரண்டு அறைகளை ஒழித்து, வெளியூர்க் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடலாமா என்று யோசனை. "கோடையைச் சமாளிச்சிடலாம். குளிர்காலத்துல எப்படி நடத்தறீங்க?" என்று கேட்கிறார்.

கொடுத்து வைத்தவள்தான், மறுக்கவில்லை. ஆனால் மார்கழி மாதம் விடியற்காலை நாலரை மணிக்கு, போர்வையை உதறிவிட்டு எழுந்து, குழாயில் கை வைத்துப் பாருங்கள். அப்போது தெரியும் சேதி!

எங்கள் வீடு கோத்தகிரியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். நான் கோயமுத்தூர்ப் பெண். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில், பாட்டிலில் தேங்காய் எண்ணெய் கல்லாய் உறைந்து கிடப்பதைப் பார்த்து, கலப்படமோ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவள்! 24 டிகிரிக்குக் கீழே போனாலே அது உறைந்துவிடும் என்று அவர்தான் சொல்லி அனுப்பினார்.

மாமனார் கட்டிய ஓட்டு வீட்டில் நாங்கள் இருக்கிறோம். அதை ஒட்டி மூன்று அறைகள் புதிதாகக் கட்டி, 2013 கோடையில் விருந்தினருக்குத் திறந்தோம். ஏப்ரல், மே மாதங்களில் கேட்கவே வேண்டாம், இடம் இல்லை என்று சொல்லி மாளாது. குளிர்காலம் அப்படியல்ல. அரைப் பரீட்சை லீவில் ஆரம்பித்துப் பொங்கல் வரைக்கும்தான் ஆட்கள். வரும்படி குறைவு, வேலை இரட்டிப்பு. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

சமையலறையையே எடுத்துக் கொள்ளுங்கள். உயரம் ஏற ஏற, தண்ணீர் கொதிக்கும் சூடு குறைகிறது. கீழே 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் எங்கள் ஊரில் 94 டிகிரி சுமாருக்கே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கும், ஆனால் பருப்பு வேகாது! குக்கர் இல்லாமல் மலையில் ஹோட்டலும் நடத்த முடியாது, வீடும் நடத்த முடியாது. கொண்டைக் கடலை, மொச்சை எல்லாம் முதல் நாள் காலையிலேயே ஊறியாக வேண்டும்.

இட்லி மாவு இன்னொரு வழக்கு. கீழே ராத்திரி அரைத்து வைத்தால் காலையில் பொங்கி நிற்கும். இங்கே முதல் நாள் மத்தியானமே அரைத்து, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிய அண்டாவுக்குள் மாவுப் பாத்திரத்தை இறக்கி, மேலே பழைய கம்பளியைச் சுற்றி வைப்பேன். உளுந்தோடு ஒரு ஸ்பூன் வெந்தயம் கூடுதலாகப் போடுவேன். தயிருக்கும் இதே உபசாரம்தான். உறை ஊற்றிய பாத்திரத்தை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தால் காலையில் கட்டியாக இருக்கும்.

அடுத்தது படுக்கை. வருகிறவர்கள் எல்லாரும், "இன்னொரு போர்வை குடுங்க" என்றுதான் கேட்பார்கள். குளிர் மேலே இருந்து மட்டும் வருவதில்லை, கீழே இருந்தும் ஏறுகிறது. மெத்தைக்கு மேல் ஒரு கம்பளியை மடித்து விரித்து, அதற்கு மேல் பருத்தி விரிப்பைப் போட்டால், போர்த்திக் கொள்ள ஒரு போர்வை குறைவாகவே போதும். சிமெண்டுத் தரையில் கயிற்றுப் பாய். பகல் வெயில் சுள்ளென்று அடிக்கும். அந்த நேரத்தில் கம்பளிகளைக் காயப் போட்டு, சூடு ஆறுவதற்குள் உள்ளே எடுத்து மடித்துவிட வேண்டும். நாலு மணிக்கே ஜன்னல் திரைகளை இழுத்து மூடிவிடுவேன். வெயிலில் சேர்ந்த சூடு அறைக்குள்ளேயே கொஞ்ச நேரம் தங்கும்.

உறைபனி பார்க்க ஆசைப்பட்டு வருபவர்களும் உண்டு. மேகமில்லாத, காற்றில்லாத ராத்திரியில்தான் அது விழும். எங்களைவிட ஊட்டிப் பக்கம், தலைக்குந்தா போன்ற பள்ளமான இடங்களில் அதிகம். புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டியது போல வெளுத்துக் கிடக்கும். பார்க்க அழகுதான். தேயிலையும் காய்கறியும் போட்டவர்களுக்கு அது வயிற்றெரிச்சல். இளம் செடிகள் கருகிப் போகும்.

இதெல்லாம் பழகப் பழக வந்துவிடும், சகோதரி. உடம்பு வலிக்கும், அவ்வளவுதான். ஆனால் ஒரு விஷயம் மட்டும் பழகிக் கற்றுக் கொள்ளக் கூடியது அல்ல. அதை நான் கற்றுக் கொண்ட ராத்திரியைச் சொல்கிறேன். இத்தனை வருஷமாக இதை எழுதத் தயங்கியதற்குக் காரணம், தப்பு என்னுடையது.

2014 டிசம்பர். சென்னையிலிருந்து ஒரு குடும்பம். மகன், மருமகள், மாமியார், ஐந்து மாதக் கைக்குழந்தை. மகன் முதல் நாள் கொண்டுவந்து விட்டுவிட்டு, வேலை விஷயமாகக் கோயமுத்தூர் போய்விட்டார். அன்றைக்கென்று குளிர் எலும்பைத் துளைத்தது. ராத்திரி ஏழு மணிக்கு அந்தப் பெரியம்மா சமையலறைக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, பச்சைக் குழந்தை வெடவெடன்னு இருக்கு. ஒரு சட்டியில கொஞ்சம் கரி போட்டுக் குடேன். எங்க காலத்துல கணப்புப் போட்டுத்தானே புள்ளை வளர்த்தோம்?"

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. 'விருந்தாளி வாய்விட்டுக் கேட்கிறாள், முடியாது என்பதா' என்ற எண்ணம் வேறு. புகை வந்தால் குழந்தைக்கு ஆகாதே என்பது ஒன்றுதான் என் கவலை. அதனால் கரியை வாசலில் வைத்தே விசிறி, புகை முழுக்க அடங்கி, செக்கச்செவேல் என்று தணலாக ஆன பிறகு, இரும்புச் சட்டியில் எடுத்துப் போய் அறையில் வைத்தேன். "பாருங்க, துளிகூடப் புகை இல்லை" என்று பெருமையாக வேறு சொன்னேன்! பெரியம்மா சந்தோஷமாக ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் ஒரு துண்டையும் செருகிக் கொண்டார்.

ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். அந்த அறைப் பக்கம் சொம்பு உருளும் சத்தம். இவர் எழுந்து ஓடினார், பின்னாலேயே நான். கதவு பாதி திறந்திருக்க, நிலைப்படியில் அந்தப் பெண் சரிந்து கிடந்தாள். "அக்கா... தலை வெடிக்குது... வாந்தி... குழந்தை பால் குடிக்க மாட்டேங்குது" என்று நாக்குழறச் சொன்னாள். பெரியம்மாவை எழுப்பினால் முனகுகிறாரே தவிர, கண் திறக்கவில்லை. குழந்தை துணி மாதிரி துவண்டு கிடந்தது.

இவர் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. குழந்தையை வாரி என் கையில் கொடுத்து, "வெளியே போ, வெளியே போ!" என்று கத்தினார். ஜன்னல்களை விரியத் திறந்துவிட்டு, பெரியம்மாவைத் தூக்கிக் கொண்டு வந்தார். அதற்குள் என் மாமியார் எழுந்து வந்து, "ஐயோ, இந்தக் குளிர்ல புள்ளையைத் திண்ணையில வெச்சிருக்கியே!" என்று என்னைத் திட்டினார்.

"குளிர் ஒண்ணும் பண்ணாதும்மா, போர்த்திக்கலாம். இப்போ காத்துதான் வேணும்" என்றார் இவர். அந்த வார்த்தையை நான் மறக்கவே மாட்டேன்.

திண்ணையில் கம்பளிக்குள் குழந்தையைச் சுற்றி, முகத்தை மட்டும் வெளியே விட்டு வைத்துக் கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மெல்ல முனகி, பிறகு வீல் என்று அழுதான். எந்தக் குழந்தையின் அழுகையையும் நான் அப்படி ஆசையாகக் கேட்டதில்லை.

ஜீப்பில் எல்லாரையும் ஏற்றிக் கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டால், வழியில் இரண்டு காட்டெருமைகள் ரோட்டை அடைத்துக் கொண்டு நிற்கின்றன! எங்கள் ஊரில் ராத்திரியில் அதுவும் சகஜம், கரடியும் சகஜம். ஹாரன் அடித்தால் மிரளும். விளக்கைத் தாழ்த்திக் காத்திருந்தோம். ஐந்து நிமிஷம் இருக்குமோ என்னவோ, ஐந்து வருஷம் மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரியில் மூன்று பேருக்கும் உடனே பிராணவாயு வைத்தார்கள். மறுநாள் மத்தியானத்துக்குள் மூவரும் தெளிந்துவிட்டார்கள். தெய்வாதீனம் என்றுதான் சொல்ல வேண்டும். டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன்.

"நீங்க புகையைப் பார்த்துப் பயந்தீங்க. ஆபத்து புகையில இல்லை. கரி, விறகு, காஸ் எது எரிஞ்சாலும், மூடின அறையில சரியாக் காத்து கிடைக்கலைன்னா கார்பன் மோனாக்சைடுன்னு ஒரு வாயு வரும். அதுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண்ணும் கரிக்காது. செக்கச்செவேல்னு தணலா இருக்கிற கரியிலேர்ந்தும் வரும். நம்ம ரத்தத்துல பிராணவாயுவைச் சுமக்கிற பொருள் இருக்கு இல்லையா, அதுல இந்த வாயு 200 மடங்குக்கு மேல கெட்டியா ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்டா பிராணவாயுவுக்கு இடம் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போயிடும். பக்கத்துல படுத்திருக்கிறவங்களுக்குக்கூடத் தெரியாது."

"எங்க காலத்துல எல்லாம் கணப்புப் போட்டுத்தானே..." என்று பெரியம்மாவின் வார்த்தையையே நான் திருப்பிச் சொன்னேன்.

"அது ஓட்டு வீடும்மா. ஓட்டுக்கு ஓடு சந்து. நீங்க கட்டியிருக்கிறது கான்கிரீட் கூரை, கண்ணாடி ஜன்னல். காத்து எங்கே போகும்? ஓட்டு வீட்டிலும் கரியைப் பக்கத்துல வெச்சுத் தூங்கறது தப்புதான். சந்து இருந்ததால பல பேர் பிழைச்சாங்க, அவ்வளவுதான்."

குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், இருதய நோயாளிகள் ஆகியோரை இது சீக்கிரமே பாதிக்குமாம். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி, அசதி. ஏதோ மலைப்பாதையில் வந்த மயக்கம் என்றோ, சாப்பாடு ஒத்துக் கொள்ளவில்லை என்றோ நினைக்கத் தோன்றும். ஒரே அறையில் இருக்கும் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் தலைவலி வந்தால், வெளியே போனதும் கொஞ்சம் தேவலை என்றால், உடனே சந்தேகப்பட வேண்டும். கொரோனா காலத்தில் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் எல்லார் வீட்டிலும் வாங்கினோமே, அதை இந்த விஷயத்தில் நம்பவே கூடாது. அந்தக் கருவிக்குப் பிராணவாயுவுக்கும் இந்த வாயுவுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆபத்தான நிலையிலும் 98 என்று காட்டிக் கொண்டிருக்கும்!

'சட்டி பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீர் வைத்தால் சரியாகிவிடும்' என்று சிலர் சொல்வார்கள். சரியாகாது. தண்ணீர் இந்த வாயுவை இழுத்துக் கொள்வதில்லை. 'ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கிறோமே' என்பார்கள். குளிர் தாங்காமல் நடுராத்திரியில் யாராவது எழுந்து சாத்திவிடுவார்கள். பார்பிக்யூ என்று வெளியே கோழி சுட்டுவிட்டு, மிச்சத் தணலை அறைக்குள் கொண்டுபோய் வைத்துக் கொண்டு படுத்தவர்கள் எழுந்திருக்காத செய்தியையும் பேப்பரில் பார்த்திருப்பீர்கள்.

வீட்டுக்குத் திரும்பிய அன்றே குளியலறையைப் போய்ப் பார்த்தேன். காஸ் கீசர் உள்ளேயே மாட்டியிருந்தது. சின்ன அறை, சின்ன ஜன்னல். அதிலும் இதே ஆபத்துதான். அந்த வாரமே கீசரையும் சிலிண்டரையும் வெளிச் சுவருக்கு மாற்றி, குழாய் மட்டும் உள்ளே வரும்படி செய்தோம். உங்கள் வீடு மலையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சகோதரிகளே. இன்றைக்கே உங்கள் குளியலறையை ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

சரி, கரி வேண்டாம் என்றால் குழந்தையைக் குளிரிலா விடுவது? விடவேண்டாம். நாங்கள் இப்போது செய்வதை எழுதுகிறேன். கத்தரித்து பீரோ கதவில் ஒட்டி வைத்துக் கொள்ளுங்கள்.

• குழந்தை படுக்குமுன் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி, கால் மணி நேரம் படுக்கையில் வையுங்கள். குழந்தையைப் படுக்க வைக்கும்போது பையை எடுத்துவிட வேண்டும். குழந்தையோடு சேர்த்து வைத்தால் தோல் வெந்துவிடும்.

• ஒரே தடிமனான உடுப்பைவிட, மெல்லிய பருத்தி உடுப்புகளை அடுக்காகப் போட்டு, மேலே கம்பளிச் சட்டை போடுங்கள். முகத்தையும் மூக்கையும் எதைக் கொண்டும் மூடாதீர்கள். கைக்குழந்தை மேல் கனமான ரஜாய் வேண்டாம்.

• கை, கால் சில்லென்று இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். நெஞ்சிலோ பிடரியிலோ தொட்டுப் பாருங்கள். அங்கே கதகதப்பாக இருந்தால் சரி. பிடரி வேர்த்திருந்தால் உடுப்பு அதிகம், ஒன்றைக் கழற்றுங்கள்.

• சளிக்கு என்று ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் தடவாதீர்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால்தான் மருந்தும் ஆகாரமும்.

• மின்சார ஹீட்டர் வைத்தால் சுவரில் உள்ள பெரிய 16 ஆம்பியர் பிளக்கில் நேராகச் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் ஒயரில் வேண்டாம். திரைச்சீலை, போர்வை எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. அறை சூடானதும் அணைத்துவிட்டுத் தூங்குங்கள்.

• யாருக்காவது மேலே சொன்ன தொந்தரவு வந்தால், முதலில் ஆட்களை வெளிக்காற்றுக்குக் கொண்டு வாருங்கள். பிறகு 108. எழுந்து உட்கார்ந்து பேசிவிட்டார்கள் என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

அறைக்கு அறை கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டியிருக்கிறோம். பேட்டரியில் ஓடுவது. மாதா மாதம் முதல் தேதியில் பட்டனை அழுத்திப் பார்ப்பது என் மாமியாரின் டிப்பார்ட்மெண்ட். அது போடும் கூச்சலில் அவருக்குத் தனி சந்தோஷம்!

பணம் நஷ்டமாகவில்லையா என்று கேட்பீர்கள். ஆகிறது. போன டிசம்பரில் ஒரு குடும்பம், மூன்று நாள் வாடகை பேசிக் கொண்டு வந்தவர்கள், ராத்திரி கரி அடுப்பு கேட்டார்கள். நான் இல்லை என்றேன். "காசு தர்றோம்ல? எங்க ரூமுக்குள்ள நாங்க என்ன வெச்சுக்கிட்டா உங்களுக்கு என்ன?" என்று அந்த வீட்டு ஐயா சத்தம் போட்டார். "நீங்க எங்க விருந்தாளிங்க. அதனாலதானுங்க மாட்டேங்கறேன்" என்றேன். நடந்த கதை முழுவதையும் சொன்னேன். கேட்கவில்லை. காலையில் சாமானை எடுத்துக் கொண்டு கிளம்பிவிட்டார்கள். கார் வரைக்கும் கூடவே போய், அந்த அம்மாவிடம் ஒரு வெந்நீர்ப் பையைக் கொடுத்து, "வேற எங்க தங்கினாலும் உள்ள தணல் வைக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினேன். அந்த அம்மா பதில் சொல்லவில்லை. பையை மட்டும் வாங்கி மடியில் வைத்துக் கொண்டார். அந்த வாடகை போனது போனதுதான்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு என் பதில் இதுதான். தாராளமாக நடத்துங்கள். கிராமத்து வீட்டில் குடும்பப் பெண் நடத்தும் விடுதிக்கு இருக்கும் மதிப்பு பெரிய ஹோட்டலுக்கு வராது. மாவு பொங்காமல் போகலாம், பருப்பு வேகாமல் போகலாம், மன்னிப்பு கேட்டு உப்புமா கிண்டிவிடலாம். ஆனால் அறைகளைத் திறக்குமுன், எதற்கெல்லாம் 'இல்லை' என்று சொல்லப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்து கொள்ளுங்கள். விருந்தாளி முகம் கோணினாலும் பரவாயில்லை.

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிற பையன். பொங்கலுக்குப் பொங்கல் அவன் அம்மா போன் செய்வாள். "நல்லா இருக்கியா, கண்ணு?" என்று நான் கேட்பேன். "நல்லா இருக்கோம் அக்கா, அந்த ராத்திரி நீங்க இல்லேன்னா..." என்பாள். ஒரு தடவைகூட அவள் என்னைக் குறை சொன்னதில்லை. அந்தத் தணலை ஊதி ஊதிச் சிவக்க வைத்து, அவள் அறையில் கொண்டு வைத்த கை என் கைதான். அவளுக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த இரும்புச் சட்டி இன்னும் இருக்கிறது. அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, வாசலில் ரோஜா வைத்திருக்கிறேன். பனிக்குத் தாங்குமா என்று பயந்தேன். இந்த வருஷம் நாலு மொட்டு விட்டிருக்கிறது.